குடிலின் வெள்ளி ஆறும் சித்தப்பாவின் மூக்கும்

மூக்கைப் பிடித்திருக்கும் கையை யாராவது நடுவில் விலக்கிப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். போன மாதம் நம் பள்ளிக்கூட செட்டு ஒரு கல்யாணத்தில் கூடியபோது பார்த்தீர்கள் அல்லவா? பந்தியில் பெண்ணின் அண்ணனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நாலு பேர் சேர்ந்து அவர் தலையை அண்ணாந்து பிடித்தார்கள். நான் இலையை விட்டு எழுந்து சத்தம் போட்டேன். "இவளுக்கென்ன, டாக்டருக்குப் படிச்ச மாதிரி!" என்று உங்களில் ஒருத்தி சொன்னதும் என் காதில் விழுந்தது.

நான் படித்தது பத்தாவதோடு சரி என்று உங்களுக்கே தெரியும். இது புத்தகத்தில் வந்ததில்லை. எங்கள் சித்தப்பாவால் வந்தது.

ஊரில் எஸ்.டி.டி. பூத் வந்த வருஷம். பேராவூரணிக்குக் கிழக்கே எங்கள் ஊர். தெருவுக்கு ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் வயல். வீட்டுக்கு ஒரு ஆள் என்று வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு, குவைத்துக்கு விசா வந்திருந்தது. பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை மெட்ராஸில் மெடிக்கல். ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்துப் பார்த்து 'ஃபிட்' என்று எழுதினால்தான் விமானம். 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருஷம் டெய்லர் வீட்டு மகனுக்கு அப்படி எழுதிவிட்டார்கள். அதன்பிறகு அவருக்கு ஊரில் பெயரே அன்ஃபிட்டு. "அன்ஃபிட்டு கடையில பட்டன் வச்சாச்சா?" என்று பெண்கள்கூடக் கேட்பார்கள். சித்தப்பா பாஸ் ஆகவேண்டும். அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

எதிர் வீட்டு மாமா குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். நாங்கள் கோவிலுக்குப் போகிறவர்கள், அதாவது மாதா கோவிலுக்கு. அவர்கள் ஐயனார் கோவிலுக்கு. ஆனாலும் அப்பாவும் அவரும் மச்சான், மாப்ளதான். தெருவிலேயே ஃபிரிட்ஜ் இருந்தது அவர் வீட்டில் மட்டும். அவர் எந்தப் பேச்சையும் "அங்கெல்லாம்" என்றுதான் தொடங்குவார். மழை பெய்தாலும் "அங்கெல்லாம்", மாடு கன்று போட்டாலும் "அங்கெல்லாம்". மெடிக்கல் பற்றி அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் வேதம்.

"மெடிக்கல் முடியிற வரைக்கும் டாக்டர் வாசப்படிய மிதிச்சிடாத மாப்ள. அங்கெல்லாம் ஊசி குத்துன தடத்த வச்சே கண்டுபிடிச்சிருவாங்க. சீட்டு கீட்டு எழுதி வாங்கிட்ட, தொலைஞ்ச. கண்ணாடி போட்ட ஆள்னா அப்பவே ரிஜெக்ட்டு."

சித்தப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொள்வார். அவருக்கு அந்த ஆறு மாதமாகத் தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர. எனக்கு அப்போது பத்து வயது.

"பாப்பா, கடையில போயி அந்த மாத்திரையில ரெண்டு பட்டை வாங்கிட்டு வா. யாரு கேட்டாலும் அம்மாவுக்குன்னு சொல்லு. அண்ணிகிட்ட மூச்சு விடாத, என்ன?"

பட்டை என்பது பத்து மாத்திரை அடுக்கிய வெள்ளிக் காகிதம். காலையில் வெறும் வயிற்றில் டீயோடு இரண்டு. மதியம் வரப்பு வெட்டிவிட்டு வந்து இரண்டு. சாயங்காலம் ஒன்றோ இரண்டோ. காலிப் பட்டை எனக்கு. அதுதான் எனக்குக் கூலி. நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்?

கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. வைக்கோல் கூரை, செம்மண் மேடு, பதினைந்து நாள் முன்பே கொட்டாங்கச்சியில் விதைநெல் தூவி வளர்த்த பச்சை நாற்று. அதன் வாசனை இருக்கிறதே, ஈர மண்ணும் வைக்கோலும் மெழுகுவர்த்திப் புகையும் கலந்து, இப்போதும் டிசம்பர் வந்தால் மூக்கு தேடுகிறது. அந்த வருஷம் என் குடிலில் ஆறு ஓடியது. மாத்திரைப் பட்டையைப் பிரித்து, கட்டைவிரல் நகத்தால் தேய்த்துத் தேய்த்து, குழி தெரியாமல் வழவழப்பாக்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, மலை உச்சியிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும் வெள்ளி ஆறு. பார்த்தவர்கள் எல்லாம் "எங்கருந்து சரிகைத்தாள் வாங்குன?" என்று கேட்டார்கள். நான் சித்தப்பாவைப் பார்ப்பேன். அவர் மோட்டுவளையைப் பார்ப்பார்.

ஆற்றங்கரையில் ஒரு பீங்கான் ஆட்டுக்குட்டி. அது எங்களுடையது இல்லை. கன்னியர் மடத்து டிஸ்பென்சரி சிஸ்டரிடம் இரவல். முன்னங்கால் ஒன்று உடைந்தது. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற பேச்சில் வாங்கியது.

முதல் தடவை ரத்தம் வந்தது கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் கழித்து. தும்மினார், வெள்ளைச் சட்டையில் சொட்டியது. அப்பா ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்.

"சூடு."

மார்கழி மாதம். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டால் விரல் விறைக்கும். அந்தக் குளிரில் சூடாம். அப்பாவுக்குக் கண் சிவந்தாலும் சூடு, கட்டி வந்தாலும் சூடு, நான் கணக்கில் தப்புப் போட்டாலும் மூளைச் சூடு. சித்தப்பாவை அண்ணாந்து படுக்கவைத்தார்கள். உச்சந்தலையில் ஒரு குடம் தண்ணீர். தொப்புளில் விளக்கெண்ணெய். ஊறவைத்த வெந்தயம். குளிரில் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டே சித்தப்பா, "அண்ணே, சூடு போயிருச்சுண்ணே, விட்டுருங்கண்ணே" என்று கெஞ்சியதைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டாள். ரத்தமும் நின்றது. தண்ணீரால்தான் நின்றது என்று அப்பா சொன்னார்.

அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை. அம்மா விடிவதற்குள் வாய்க்காலுக்குப் போய்த் துண்டை அலசிவிடுவாள். யாராவது பார்த்துக் கேட்டால், "புதுச் சேலை, சாயம் எறங்குது" என்பாள். எங்கள் வீட்டில் எல்லோரும் ரத்தத்தைவிட எழுத்துக்குத்தான் பயந்தார்கள். ஆஸ்பத்திரி என்றால் எழுதுவார்கள். எழுதினால் மெட்ராஸுக்குத் தெரிந்துவிடும். பட்டுக்கோட்டையில் எழுதியது மெட்ராஸுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முட்டாள்கள் என்று சொல்லிவிடாதீர்கள். விசா என்ற ஒரு தாளுக்காக மூன்று வருஷம் காத்திருந்தவர்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து, மெடிக்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். பெட்டி கட்டிச் சுவரோரம் வைத்தாயிற்று. சித்தப்பா முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே நின்றார். வாளித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

அப்பா வழக்கம்போலக் கூடத்துப் பெஞ்சில் படுக்கவைத்தார். தலை பெஞ்சு ஓரத்துக்கு வெளியே பின்னால் தொங்கியது. அப்பா மூக்கின் மேல் எலும்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம் பிடிப்பார், விட்டுப் பார்ப்பார். வரும். மறுபடி பிடிப்பார், பார்ப்பார். எதிர் வீட்டு மாமா ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அங்கெல்லாம் ஐஸ்தான் மச்சான். வச்சா டக்குன்னு நிக்கும்."

பஞ்சைத் திணித்து, ஐஸை வைத்து, கால் மணி நேரம். பிறகு அப்பா பஞ்சை எடுத்தார். மூக்கில் ரத்தம் இல்லை.

"நின்னுருச்சு!"

மாமா துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள். நான் உயரம் பத்தாத பிள்ளை. பெஞ்சோடு பெஞ்சாக நின்றதால் எனக்குத் தெரிந்தது சித்தப்பாவின் கழுத்து. தொண்டை முடிச்சு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. தண்ணீர் குடிப்பவர் மாதிரி. கையில் சொம்பு இல்லை.

"சித்தப்பா என்னமோ முழுங்குறாங்க."

"சும்மா இரு, புள்ள" என்றார் அப்பா.

"இல்லப்பா, முழுங்கிக்கிட்டே இருக்காங்க."

"எச்சி முழுங்குவான். போ அங்கிட்டு."

நான் போகவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதுக்கு மேல் போயிற்று. சித்தப்பாவின் உதடு வெளுத்திருந்தது. அவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார். டிகாஷன் நிறத்தில், கட்டி கட்டியாக. தரையெல்லாம், என் பாவாடையெல்லாம். அதோடு மூக்கிலும் மறுபடி கொட்டத் தொடங்கியது.

பிறகு அப்பா, "படுக்க வைங்க, படுக்க வைங்க" என்றார். அம்மா, "என்னங்க, ஆஸ்பத்திரிக்கு..." என்று தொடங்கினாள். "நாளைக்கு ராத்திரி பஸ்ஸுடி!" என்று அப்பா அலறினார். அதை அலறல் என்பதா அழுகை என்பதா, இப்போது யோசித்தால் தெரியவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்.

"ஏய், அந்த ஆட்டுக்குட்டிய சிஸ்டர்கிட்ட குடுத்துட்டு வான்னு ரெண்டு நாளா சொல்றேன்ல? போயி குடுத்துட்டு வா. இப்பவே. ஓடு!"

வீடு ரத்தக்களரியாகக் கிடக்கிறது, இவளுக்கு ஆட்டுக்குட்டி கேட்கிறதா என்று மாமா பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புருஷன் வேண்டாம் என்றதை எதிர்த்துப் பேசாமலே அம்மா டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்புகிறாள். குடிலிலிருந்து ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். என் பாவாடையைப் பார்த்ததும் சிஸ்டர் ஆட்டுக்குட்டியைக் கையில்கூட வாங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

சிஸ்டர் வந்து முதலில் செய்தது ஐஸ் தட்டைத் தள்ளிவிட்டு சித்தப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்தது.

"தலையை முன்னாடி சாய்ங்க. முன்னாடி! வாயால மூச்சு விடுங்க. தொண்டைக்கு வர்றதைத் துப்புங்க, முழுங்காதீங்க. பேசின் கொண்டாங்க."

பிறகு மூக்கைப் பிடித்தார். அப்பா பிடித்தது எலும்பை. சிஸ்டர் பிடித்தது அதற்குக் கீழே மெத்தென்று இருக்கிற இடத்தை, இரண்டு பக்கமும் சேர்த்து, இறுக்கி. மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. அம்மாவைப் பார்த்து, "ஜெபமாலை சொல்லுங்க. அம்பத்து மூணு மணியும். அதுவரைக்கும் நான் கைய எடுக்கமாட்டேன்" என்றார்.

அம்மா தொடங்கினாள். பயத்தில் ஓட்டமாக ஓட்டினாள். சிஸ்டர் அதட்டினார்.

"டிவி நாடகத்துக்கு நேரமாச்சுன்னு சொல்ற மாதிரி ஓட்டாதீங்க. நிதானமா. மாதாவுக்குக் காதுல விழ வேணாமா?"

முதல் பத்து மணி. இரண்டாம் பத்து. சித்தப்பாவின் கண் மேலே செருகுவதும் இறங்குவதுமாக இருந்தது. எதிர் வீட்டு மாமாவும் எங்களோடு முணுமுணுத்தார். ஜெபம் தெரியாது, "தாயே, தாயே" என்று மட்டும். மூன்றாம் பத்து முடியும்போது அப்பா பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினார்.

"நின்னுருச்சான்னு ஒரு தடவை பாத்துக்குவமே சிஸ்டர்."

பளாரென்று புறங்கையில் ஒரு அடி. எங்கள் அப்பாவை யாரும் அடித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"உறையிற ரத்தத்தைக் கலைச்சிட்டே இருந்தா எப்படி நிக்கும்? பாக்கப் பாக்க வரும்."

ஐம்பத்து மூன்றும் முடிந்தது. சிஸ்டர் மெல்லக் கையை எடுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

சிஸ்டரின் முகம் மாறியது. திரும்பப் பிடித்துக்கொண்டே கேட்டார், "இந்த வயசுல இப்படி நிக்காம வராதே. அடிபட்டுச்சா? ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

"ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். கல்லு மாதிரி ஆளு" என்றார் அப்பா.

"தம்பி, நீங்க சொல்லுங்க. மாத்திரை?"

சித்தப்பா, மூக்கு சிஸ்டரின் பிடியில் இருக்க, முடிந்தவரைக்கும் தலையை ஆட்டினார். இல்லை என்று. ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்? மிரட்டல் இல்லை. பிச்சை கேட்கிற பார்வை. நீயும் சேர்ந்து என்னை அன்ஃபிட்டு ஆக்கிவிடாதே என்று.

நான் குடிலைப் பார்த்தேன். ஆட்டுக்குட்டி போன இடம் பள்ளமாகத் தெரிந்தது. பக்கத்தில் ஆறு மினுங்கியது. போய் மலை உச்சியில் அதன் முனையைப் பிடித்து இழுத்தேன். செம்மண்ணும் வைக்கோலும் சரிய, நாற்றுக் கொட்டாங்கச்சி கவிழ, முழு ஆறும் என் கையோடு வந்தது. சிஸ்டரின் மடியில் போட்டேன்.

"இதுதான் சாப்பிட்டாங்க. தலைவலிக்கு. இவ்வளவும்."

சிஸ்டர் வழவழப்பான பக்கத்தைத் திருப்பிப் பெயரைப் படித்தார். எத்தனை பட்டை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

"இது ரத்தத்தை உறையவிடாது. இரண்டாவது ஜெபமாலைக்கெல்லாம் காத்திருக்க வேணாம். வண்டி பாருங்க."

"சிஸ்டர், திங்கட்கிழமை மெடிக்கல்..." அப்பா சுவரோரப் பெட்டியைப் பார்த்தார். "ஊசித் தடம் பாத்தாங்கன்னா..."

"யாரு சொன்னா?"

எல்லோரும் எதிர் வீட்டு மாமாவைப் பார்த்தார்கள். அவர் கையில் ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும் யாரோ சொன்னதுதான் மச்சான்" என்றார். முதல் தடவையாக "அங்கெல்லாம்" இல்லாத ஒரு வாக்கியம். "என் கையை ஒருத்தனும் பாக்கல. நான் வண்டிய நிறுத்துறேன்" என்று செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்றுதான் கிடைத்தது. தேங்காய்க் குவியலுக்கு நடுவில் சித்தப்பாவை உட்காரவைத்து, சிஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார். மாத்திரை எப்போதெல்லாம் சாப்பிட்டார் என்று சொல்ல நான் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு குழியிலும் தேங்காய் உருண்டு காலில் இடித்தது. பட்டுக்கோட்டை வரைக்கும் அம்மா ஜெபமாலையை விடவில்லை. நான் ஒரு கையில் வெள்ளிக் காகிதத்தையும் மறுகையில் ஆட்டுக்குட்டியையும் பிடித்திருந்தேன். சித்தப்பா வழியெல்லாம் என்னைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நீளமான துணித் திரியை மூக்குக்குள் அடுக்கி அடைத்தார்கள். பாட்டில் ஏற்றினார்கள். "வெளிய வராட்டி நின்னுட்டதா அர்த்தமா? உள்ள போயிக்கிட்டே இருந்திருக்கு" என்று டாக்டர் அப்பாவைக் கேட்டபோது அப்பா என் தலையில் கை வைத்தார். தலைவலிக்குக் காரணம் என்ன தெரியுமா? கண்ணில் பவர். கண்ணாடி போட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே தீர்ந்திருக்கும். கண்ணாடி போட்டால் ரிஜெக்ட் என்று பயந்து, டாக்டரிடம் போகாமல், அத்தனை மாத்திரையை விழுங்கியிருக்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை மெடிக்கல் போயிற்று. அந்த விசாவும் போயிற்று. சித்தப்பா வீட்டுக்கு வந்தும் என்னோடு பேசவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார், வருவார். சோறு போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கடைக்குப் போகச் சொல்லமாட்டார். ஏழெட்டு மாதம் கழித்து வேறு விசா வந்தது. கண்ணாடியோடுதான் மெடிக்கலுக்குப் போனார். ஃபிட் என்று எழுதினார்கள். கையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லையாம். பஸ் ஏறும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் கன்னத்தைத் தட்டியதோடு சரி.

இன்றைக்கு நம்மில் பாதிப் பேர் ரத்தத்தை இளக்குகிற மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ சாப்பிடுகிறோம். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதினேன். நிமிர்ந்து உட்காருங்கள், முன்னால் சாயுங்கள், மெத்தென்ற இடத்தைப் பிடியுங்கள், ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிகிற வரைக்கும், அதாவது கால் மணி நேரத்துக்குக் குறையாமல், நடுவில் எட்டிப் பார்க்காதீர்கள். சாமி கும்பிடாதவர்கள் கடிகாரத்தைப் பாருங்கள். மறுபடி ஒரு முறை பிடித்தும், அரை மணி ஆகியும் நிற்காவிட்டால் கிளம்புங்கள். தொண்டைக்குள் இறங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவரானாலோ அதுவரைக்கும்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஆட்டுக்குட்டியை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பட்டுக்கோட்டையில் இறங்கும்போது கையில் இல்லை. தேங்காயோடு எந்த ஊர் மண்டிக்குப் போனதோ.

சித்தப்பா குவைத்திலிருந்து கடிதம் எழுதமாட்டார். கேசட்டில் பேசி அனுப்புவார். மூன்றாவது கேசட் என்று நினைக்கிறேன். அண்ணனுக்கு, அண்ணிக்கு, மாட்டுக்கு, வயலுக்கு எல்லாம் பேசி முடித்தபிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அம்மா நிறுத்தப் போனாள். அப்போது குரல் வந்தது.

"பாப்பா, கேக்குதா? இங்க ரூம்ல கும்பகோணத்துப் பையன் ஒருத்தனுக்கு மூக்குல ரத்தம். எல்லாரும் படுக்க வைன்னாங்க. நான் விடல. புடிச்சுக்கிட்டு அம்பத்து மூணையும் சொன்னேன். நிக்கல. மாத்திரை எதும் சாப்பிடுறியாடான்னு கேட்டேன். இல்லைன்னு தலையாட்டுனான்."

மறுபடி இரைச்சல்.

"நான் அவன் பெட்டியத் தொறந்து பாத்தேன் பாப்பா."